கீழே காவலிருந்த குழாய்

உள்ளங்கையில் அடங்கும் ஜி.பி.எஸ் கருவியை மலையேறுவோர் தோற்பட்டியில் மாட்டிக்கொள்கின்றனர். ஆழ்கடலுக்குச் செல்லும் தொழிலாளர் படகின் சுக்கானுக்கு அருகே அதைக் கட்டிவைக்கின்றனர். இன்றைய கருவிகள் இரு கேள்விகளுக்கு விடை தர முயல்கின்றன. நாம் எங்கே நிற்கிறோம் என்பது முதலாவது கேள்வி. நம்மை நோக்கி என்ன வருகிறது என்பது இரண்டாவது கேள்வி. முதலாவதற்கு அகலாங்கும் நெட்டாங்கும் சில மீற்றர் பிழையுடன் திரையில் தோன்றுகின்றன. இரண்டாவதற்கு வளியமுக்கத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு கோடு தெரிகிறது. சற்று விலையுயர்ந்த கருவியாயின், செய்மதி வழியாக வானிலைச் செய்தியும் வந்து சேர்கிறது.

இரு விடைகளும் ஒரே திரையில் அருகருகே தோன்றுவதால் இரண்டும் ஒரே அளவுக்கு நம்பத்தக்கவை என எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் இவ்விரு அறிவுகளின் வரலாறுகள் வெவ்வேறானவை. இடத்தைச் சொல்லும் அறிவு வல்லரசு ஒன்றின் இராணுவச் செலவில் வளர்ந்தது. வானிலையைச் சொல்லும் அறிவு கடலில் மாண்டவர்களின் பேரில், குறைந்த பணத்தோடும் மிகுந்த ஏளனத்தோடும் வளர்ந்தது. இந்த வரலாற்றை அறியாமல் கருவியை மட்டும் வாங்குவோர் அதைப் பிழையாக வாசிக்கக்கூடும். அந்தப் பிழைக்கு விலையாவது சில வேளைகளில் உயிர்.

ஒரு மலை, இரண்டு குழாய்கள்

வரலாறு இத்தாலியில் தொடங்குகிறது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் இரசத்தை நிரப்பி, இரசம் நிறைந்த தொட்டியில் கவிழ்த்து நிறுத்தினால், அது முழுவதும் கீழே வழிந்துவிடாமல் சுமார் 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றுவிடும் என்பதை 1643-44 காலப்பகுதியில் டொரிசெல்லி எடுத்துக்காட்டினார். அந்த இரசத்தைத் தாங்கிநிற்பது நம்மைச் சூழ்ந்துள்ள வளியின் பாரமே என்பது அவரது விளக்கம். பாரமானி எனும் கருவி இவ்வாறு பிறந்தது.

வளிக்குப் பாரம் உண்டெனில், மலையுச்சியில் அந்தப் பாரம் குறைய வேண்டும் அல்லவா? பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் எழுப்பிய கேள்வி இது. அவரது வேண்டுகோளின்படி, அவருடைய சகோதரியின் கணவரான பெரியே என்பவர் 1648 செப்டெம்பர் 19ஆம் திகதி, கிளெர்மொன் நகருக்கு அருகிலுள்ள புய் த டோம் மலையில் ஏறினார். உச்சியில் இரசம் மூன்று அங்குலத்துக்கும் அதிகமாகத் தாழ்ந்து நின்றது. பாடநூல்கள் பெரும்பாலும் கதையை இத்துடன் முடித்துவிடுகின்றன.

பாடநூல்கள் விட்டுவிடுகின்ற ஒரு விபரம் இங்கே முக்கியமானது. பெரியே எடுத்துச்சென்றது ஒரு குழாயல்ல, இரண்டு. மலையடிவாரத்துத் துறவிமடமொன்றின் தோட்டத்தில் இரண்டையும் அருகருகே நிறுத்தி, இரண்டிலும் இரசம் ஒரே மட்டத்தில் நிற்பதை முதலில் உறுதிசெய்தார். பின்னர் ஒன்றைத் தோட்டத்திலேயே விட்டு, நாள் முழுவதும் அதைக் கவனித்துக்கொண்டிருக்குமாறு துறவி ஒருவரிடம் கேட்டுக்கொண்டார். மற்றையதைத் தூக்கிக்கொண்டுதான் மலையேறினார். மாலையில் திரும்பி வந்தபோது, கீழிருந்த குழாயில் எவ்வித மாற்றமும் ஏற்படவில்லை எனத் துறவி தெரிவித்தார்.

எதற்காக இந்த இரண்டாவது குழாய்? வளியமுக்கம் குறைவதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். நாம் உயரே சென்றிருக்கலாம். அல்லது நாம் நின்ற இடத்தில் நிற்க, வானிலை மாறியிருக்கலாம். மேலே சென்ற குழாய் தனியாக நின்று இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாது. கீழே ஒருவர் காவலிருந்ததால்தான் மேலே கண்ட மாற்றம் உயரத்தால் நேர்ந்தது என்று துணிந்து கூற முடிந்தது. அந்தத் துறவி மலையேறவில்லை. ஆயினும் அவரின்றிப் பெரியேயின் மலையேற்றம் எதையும் நிறுவியிராது.

உயரமா, புயலா?

இச்சிக்கலின் அளவை நமக்குத் தெரிந்த மலையொன்றை வைத்துப் பார்க்கலாம். கடல்மட்டத்தில் வளியமுக்கம் சராசரியாக 1013 மில்லிபார். 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையின் உச்சியில் அது சுமார் 770 மில்லிபாராகக் குறைகிறது. உலகில் இதுவரை கடல்மட்டத்தில் அளவிடப்பட்ட மிகக் குறைந்த அமுக்கம் 870 மில்லிபார். 1979 ஒக்டோபரில் பசுபிக் சமுத்திரத்தில் உருவான 'டிப்' சூறாவளியின் மையத்தில் அது பதிவாயிற்று. அதாவது, சிவனொளிபாதமலைக்கு ஏறும் ஓர் அடியவரின் கையிலுள்ள பாரமானி, வரலாறு கண்ட மிகக் கடுமையான சூறாவளியினுள் சென்ற பாரமானியைக் காட்டிலும் அதிகமாக இறங்கும். கருவிக்கு இரண்டும் ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்ஸ் நாட்டவரான லூசியன் விடி, இரசத்துக்குப் பதிலாக வளி நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டியைக் கொண்டு பாரமானி அமைத்தார். திரவமில் பாரமானி எனப்படும் இக்கருவி சட்டைப்பையில் அடங்கிற்று. மலையேறுவோர் அதையே உயரமானியாகவும் கொண்டனர். கடல்மட்டத்துக்கு அருகில் ஏறத்தாழ 8 மீற்றர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும் என்பது கணக்கு.

இரட்டைப் பொருள் தரும் இக்கருவியிலிருந்து அனுபவசாலிகள் ஒரு பயனையும் கண்டுகொண்டனர். இரவில் கூடாரத்தில் உறங்கி எழும்போது உயரமானி முன்னிரவைக் காட்டிலும் 80 மீற்றர் அதிகமாகக் காட்டினால், கூடாரம் மேலே சென்றுவிடவில்லை. அமுக்கம் சுமார் 10 மில்லிபார் குறைந்திருக்கிறது. வானிலை கெடப்போகிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி. இங்கே அசையாமல் நின்ற கூடாரமே இரண்டாவது குழாயின் கடமையைச் செய்தது. நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்கோ அந்த வசதி இல்லை.

கடலோடிகளின் பாரமானி

கடலில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. கடல்மட்டம் ஏறி இறங்குவதில்லை எனக் கொள்ளலாமாதலால், கப்பலில் இருக்கும் பாரமானி வானிலையை மட்டுமே பேசும். வங்காள விரிகுடாவின் புயல்களைக் கல்கத்தாவிலிருந்து ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' எனும் பெயரை உருவாக்கி, மாலுமிகளுக்கான தமது நூலில் 1848இல் வெளியிட்டார். காற்றின் திசையையும் பாரமானியின் இறக்கத்தையும் கொண்டு புயலின் மையம் எத்திசையில் உள்ளது என அறிந்து விலகிச்செல்லும் முறையை அந்நூல் கற்பித்தது.

ஆயினும் தனியொரு கப்பலின் பாரமானி, புயல் நெருங்கிய பின்னரே உரக்கப் பேசும். தூரத்திலிருந்தே எச்சரிக்க வேண்டுமாயின் பல இடங்களில் பாரமானிகள் வேண்டும். அவற்றின் அளவுகள் ஓரிடத்தில் சேர வேண்டும். இதை உணர்ந்து செயற்பட்டவர் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ரொபர்ட் ஃபிட்ஸ்ரோய். டார்வினை ஏற்றிச்சென்ற பீகிள் கப்பலின் தலைவர் இவரே. 1854இல் பிரித்தானிய வானிலைப் பிரிவின் பொறுப்பை ஏற்ற அவர், ஏழை மீனவர்கள் வாழும் துறைகளில் பாரமானிகளை நிறுவ ஏற்பாடு செய்தார்.

1859 ஒக்டோபர் 26ஆம் திகதி அதிகாலை, அவுஸ்திரேலியாவிலிருந்து தங்கத்தோடு திரும்பிய 'றோயல் சார்ட்டர்' எனும் கப்பல் வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவுக் கரையில் புயலில் சிக்கி உடைந்தது. சுமார் 450 பேர் மாண்டனர். வீட்டுக்கு மிக அருகில் வந்து மாண்டவர்கள் அவர்கள். இந்த அழிவுக்குப் பின்னர் ஃபிட்ஸ்ரோயின் திட்டத்துக்கு ஆதரவு கிட்டியது. கரையோர நிலையங்களிலிருந்து தந்தி மூலம் அளவுகள் இலண்டனுக்கு வந்தன. 1861 பெப்ரவரியில் புயல் எச்சரிக்கைகள் தொடங்கின. ஆபத்து எதிர்பார்க்கப்படும் துறைகளில் கொடிமரத்தில் கூம்புகளும் உருளைகளும் ஏற்றப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்ட் முதல் பத்திரிகையில் பொதுமக்களுக்கான வானிலை எதிர்வுகூறலும் வெளிவந்தது.

எதிர்வுகூறல் தவறிய நாட்களில் அவர் ஏளனத்துக்குள்ளானார். விஞ்ஞானிகள் சிலரும் அவரைச் சாடினர். உடல்நலமும் மனநலமும் குன்றிய நிலையில் 1865 ஏப்ரல் 30ஆம் திகதி அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டின் இறுதியில் புயல் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கடலோடிகளின் எதிர்ப்பினால் 1867இல் அவற்றை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அறிஞர் சபை கைவிட்டதைக் கேட்டுப் பெற்றவர்கள், அதைக் கொண்டு உயிர் பிழைத்தவர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

செய்மதிகள் சொன்ன இடம்

இனி முதலாவது கேள்விக்கு வருவோம். 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியபோது, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வுகூடத்தில் இரு இளம் விஞ்ஞானிகள் அதன் வானொலிச் சமிக்ஞையின் அலைவெண் மாற்றத்தைக் கொண்டு அதன் பாதையைக் கணித்தனர். தரையிலிருக்கும் நமக்கு நம் இடம் தெரிந்தால் செய்மதியின் பாதையை அறியலாம் எனின், செய்மதியின் பாதை தெரிந்தால் நம் இடத்தை அறியலாமே என்ற எண்ணம் அடுத்த ஆண்டே எழுந்தது. இதன் விளைவாக அமெரிக்கக் கடற்படைக்காக அமைந்த டிரான்சிட் திட்டம் 1964இல் செயற்படத் தொடங்கியது. அதன் செய்மதிகள் கடந்துசெல்லும் நேரங்களில் மட்டுமே இடமறிய முடிந்தது.

இக்குறையை நீக்கிய ஜி.பி.எஸ் திட்டம் 1973இல் வடிவம் பெற்று, அதன் முதலாவது செய்மதி 1978 பெப்ரவரியில் ஏவப்பட்டது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, செய்மதிக்கும் நமக்கும் இடையிலான தூரத்தைக் கருவி கணிக்கிறது. இடத்தை அறிய மூன்று செய்மதிகள் போதும். நமது கருவியின் மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது ஒன்று தேவைப்படுகிறது.

1983 செப்டெம்பர் 1ஆம் திகதி வழிதவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானமொன்று சுட்டுவீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 269 பேரும் பலியாயினர். அதன் பின்னர், ஜி.பி.எஸ் முழுமை பெற்றதும் அது பொதுமக்கள் பாவனைக்கும் இலவசமாக வழங்கப்படும் என ஜனாதிபதி ரீகனின் அரசு அறிவித்தது. 1989இல் மகெலன் நிறுவனம் பொதுமக்களுக்கான முதலாவது கையடக்கக் கருவியை விற்பனைக்கு விட்டது. விலை சுமார் 3000 டொலர். கார்மின் நிறுவனம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். 1991 வளைகுடா யுத்தத்தில் அடையாளமற்ற பாலைவனத்தில் அமெரிக்கப் படையினர் இத்தகைய கடைக் கருவிகளையும் நம்பியே நகர்ந்தனர்.

பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீற்றர் வரை விலகியிருக்கக்கூடும். 2000 மே மாதம் 2ஆம் திகதி, ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவின்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகெங்கும் கைகளிலிருந்த கருவிகள் பன்மடங்கு துல்லியம் பெற்றன. எவரும் புதுக் கருவி வாங்கவில்லை. மேலேயிருந்த ஒரு கட்டுப்பாடு தளர்ந்தது, அவ்வளவே.

இரண்டும் சந்தித்த இடம்

இத்தனை துல்லியத்திலும் ஜி.பி.எஸ் ஒன்றில் தடுமாறியது. அது உயரம். நமக்கு வடக்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் செய்மதிகள் இருப்பதால் தரைமீதான இடம் நன்கு பொருந்துகிறது. ஆனால் நமக்குக் கீழே செய்மதி இல்லை. அங்கே பூமி மறைத்துநிற்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அளக்கப்படுவதால் உயரத்தின் பிழை இடத்தின் பிழையைவிட அதிகமாகிறது.

எனவே 2000ஆம் ஆண்டையடுத்த காலத்தில், கார்மின் 'ஈட்ரெக்ஸ் சமிட்' போன்ற கருவிகளில் சிறிய பாரமானியும் சேர்க்கப்பட்டது. பஸ்காலின் பழைய கேள்வி இதனால் புதிய விடை பெற்றது. பாரமானி சிறு உயர மாற்றங்களை உடனுக்குடன் காட்டும்; ஆனால் வானிலை மாறினால் ஏமாறும். ஜி.பி.எஸ் உயரம் கணத்துக்குக் கணம் தள்ளாடும். ஆனால் நீண்ட நேரச் சராசரியில் வானிலையால் ஏமாறாது. ஒன்றைக் கொண்டு மற்றையதைத் திருத்தியபோது, அமுக்கக் குறைவில் எவ்வளவு ஏற்றத்தால், எவ்வளவு வானிலையால் என்பதைக் கருவியே பிரித்தறியத் தொடங்கியது. புய் த டோம் அடிவாரத்தில் துறவி செய்த காவலைச் செய்மதிகள் ஏற்றுக்கொண்டன எனலாம்.

ஆயினும் அந்தக் கோட்டை வாசிக்கும் அறிவு நமக்கு வேண்டும். இக்கருவிகளின் கைநூல்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. இலங்கை போன்ற அயனமண்டல நாடுகளில் வளியமுக்கம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். அதிகாலை நான்கு மணியளவிலும் மாலை நான்கு மணியளவிலும் தாழ்வு. வேறுபாடு சுமார் 3 மில்லிபார். முற்பகலில் இருந்து மாலை வரை கோடு சரிவதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அஞ்ச வேண்டியது, அந்த நாழிகைக்குரிய வழமையான அளவைவிட 3 மில்லிபார் குறையும்போது. 5 மில்லிபார் குறைந்தால் சூறாவளி தொலைவில் இல்லை என்றே மாலுமிகள் கொள்வர்.

நம் கடலில் நடந்தவை

சூறாவளி தொலைவில் இல்லை என அறிந்து என்ன பயன்? ஆழ்கடலில் நிற்கும் படகு கரைசேர ஒரு நாளோ இரு நாளோ ஆகும். அதற்கு முன்பே சொல்வதற்குக் கரையில் ஒருவர் வேண்டும். அச்சொல் படகைச் சென்றடையவும் வேண்டும்.

2013 ஜூன் 8ஆம் திகதி இலங்கையின் தென்மேற்குக் கடலில் திடீரென வீசிய கடுங்காற்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர் உயிரிழந்தனர். உரிய முன்னறிவிப்பு கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது பரவலாக எழுந்தது.

2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தெற்கே கடந்த தாழமுக்கம், ஒரு நாளுக்குள் வலுப்பெற்று 30ஆம் திகதி கன்னியாகுமரிக்கு அருகே சூறாவளியாயிற்று. அதன் பெயர் ஒக்கி. பங்களாதேஷ் வழங்கிய அப்பெயருக்கு வங்காள மொழியில் கண் என்று பொருள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் தொழிலாளர் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். அவர்களது படகுகளில் ஜி.பி.எஸ் கருவிகள் இருந்தன. எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்குச் சில மீற்றர் துல்லியத்தில் தெரிந்திருந்தது. என்ன வருகிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல வழியிருக்கவில்லை. கரையோர வானொலித் தொடர்பின் எல்லைக்கு அப்பால் அவர்கள் நின்றனர். தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

இக்காலத்துக்குள் உலகின் வேறொரு பகுதியினருக்கு வழி பிறந்திருந்தது. 2011இல் டெலோம் நிறுவனம் வெளியிட்ட 'இன்ரீச்' கருவி, இரிடியம் செய்மதிகள் வழியாக எங்கிருந்தும் செய்தி அனுப்பவும் பெறவும் உதவியது. 2016இல் அந்நிறுவனத்தைக் கார்மின் வாங்கிக்கொண்டது. 2019இல் வெளியான 'ஜி.பி.எஸ்.மாப் 66ஐ' வரைபடம், பாரமானி, இருவழிச் செய்மதித் தொடர்பு, வானிலை எதிர்வுகூறல் அனைத்தையும் ஒரே கருவியில் இணைத்தது. கருவிக்கு ஒரு விலை. செய்மதித் தொடர்புக்கு வேறாகக் கட்டணம். விடுமுறையில் மலையேறுவோருக்கு எட்டிய அது, தொழிலுக்காகக் கடலேறுவோருக்கு எளிதில் எட்டுவதாக இருக்கவில்லை.

ஒக்கி தந்த படிப்பினையின் பின்னர், இந்தியக் கடல் தகவல் சேவை மையம் 2019 ஒக்டோபரில் 'ஜெமினி' எனும் கையடக்கக் கருவியை அறிமுகப்படுத்தியது. விமானங்களின் வழிகாட்டலுக்காக அமைக்கப்பட்ட ககன் செய்மதிச் சேவை வழியாகச் சூறாவளி, பேரலை, ஆழிப்பேரலை எச்சரிக்கைகளையும் மீன் கிடைக்கும் இடங்கள் பற்றிய தகவலையும் பெற்று, அருகிலுள்ள கைத்தொலைபேசியில் அது காட்டும். ஆனால் அது ஒருவழிக் கருவி. கரை பேசும், படகு கேட்கும்; படகு பேச முடியாது.

இலங்கையில் வேறொரு நிலை. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை எனக் கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீன்களுக்குத் தடைவிதித்தது. அடுத்த ஆண்டு நீங்கிய அத்தடையின் அழுத்தத்தால் பலநாள் படகுகளில் செய்மதி வழிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. படகு எங்கே நிற்கிறது என்பதைக் கரை அறிந்துகொள்ள ஏற்றுமதிச் சந்தை ஒரு காரணமாயிற்று. படகை நோக்கி என்ன வருகிறது என்பதைப் படகு அறிந்துகொள்ள அதேயளவு அவசரம் எவரிடத்தும் காணப்பட்டதா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

வாடைக்காற்றையும் சோழகத்தையும் நட்சத்திரங்களையும் கொண்டு தொழில் செய்த முன்னோரின் அறிவு கரையோரக் கடலுக்குப் போதுமானதாக இருந்தது. இன்று படகுகள் நூற்றுக்கணக்கான கடல் மைல்களுக்கு அப்பால் செல்கின்றன. அங்கே கருவி இன்றியமையாதது. ஆனால் கருவியை விற்பதோடும் மானியமாகக் கொடுப்பதோடும் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. எச்சரிக்கை எந்நேரத்தில் புறப்படுகிறது, எத்தனை தூரம் எட்டுகிறது, மீனவர் வாசிக்கக்கூடிய மொழியிலும் அவருக்கு விளங்கும் சொற்களிலும் அமைகிறதா என்பனவே அக்கருவியின் உண்மையான தரத்தைத் தீர்மானிக்கின்றன.

பெரியேயின் பெயர் விஞ்ஞான வரலாற்றில் நிலைத்துவிட்டது. தோட்டத்தில் நாள் முழுவதும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பலரும் அறியார். கையடக்கக் கருவிகள் எவ்வளவு சிறுத்தாலும் மலிந்தாலும் அந்தக் காவலாளியின் வேலை இன்னும் இருக்கிறது. அது நம் வானிலை அவதான நிலையங்களிலும் மீன்பிடித் துறைகளிலும் இரவு பகலாக இருப்போரின் வேலை. அவர்களுக்கு ஆளணியும் கருவியும் தொடர்பு வசதியும் கிடைக்கின்றனவா என்று கேட்பது, கடலில் நிற்கும் ஒருவரது உயிரைப் பற்றிக் கேட்பதேயாகும்.